புதுப்பிப்பு: உளவியலாளரைப் பார்த்துவிட்டேன்

இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, உளவியலாளரிடம் போவதா மனநல மருத்துவரிடம் போவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பக்கத்திலேயே ஒருவர் கிடைத்தார். அவர் முறையாகப் பதிவு செய்தவர்தானா என்று பார்த்த பிறகே நேரம் வாங்கினேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். நான் பார்த்தவர் உளவியலாளர் என்பதால் பேச்சு வழியாகத்தான் சிகிச்சை தருகிறார். முதல் 50 நிமிடமும் கேள்விகள்தான். "விளக்கை அணைத்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது?" என்றார். அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவேயில்லை.

படுத்த நேரம், விழித்த நேரம் இரண்டையும் தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்துவிட வேண்டுமாம். நான்கு நாள் எழுதியாகிவிட்டது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. அடுத்த வாரமும் போகிறேன்.