புதுப்பிப்பு: வெள்ளவத்தை காலை நடையும் கதிரையால் எழும்பும் கேள்வியும்

கொழும்பு வெள்ளவத்தையில் அறுபது தாண்டிய பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து காலையில் நடப்பதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். "நடந்தும் கதிரையால எழும்பக் கஷ்டமா இருக்கே அக்கா" என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். நடை மட்டும் தொடைத் தசைக்குப் போதாது. 65க்கு மேல் வாரம் 150 நிமிட நடையோடு 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தொடைப் பலத்தைச் சோதித்துப் பார்க்க, 17 அங்குல உயரமான, கைப்பிடியில்லாத கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் கதிரை பின்னுக்கு வழுக்கும். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து 30 செக்கனில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்று பக்கத்தில் நிற்பவர் எண்ணட்டும். 65–69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தால் விழும் ஆபத்துக் கூட. கையூன்றினால் கணக்குப் பூச்சியம் (ஏமாற்ற வேண்டாம்!). இதையே பயிற்சியாகச் செய்யும்போது தொப்பென்று இருக்காமல் மூன்று எண்ணி இறங்குங்கள். அதிலும் பலம் வரும்.

இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றோடு வெளிக்கிடக்கூடாது. நடக்கும்போது இரத்தத்தில் சீனி இறங்கிக் கைநடுக்கம், குளிர்வியர்வை வந்தால் உடனே நின்று 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடம் தனியே விடாதீர்கள். சீனிப் பொட்டலம் ஒருவரிடமல்ல, இருவரிடம் இருக்கட்டும்.

மழையென்றால் காலிமுகத்திடலை மறந்துவிட்டுத் தொடர்மாடி நடைகூடத்திலேயே நடக்கலாம், வழுக்கும் இறப்பர் செருப்பில்லாமல்.