கொல்கத்தா டெர்பி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கல்லூரியில் ஒரே டீமில் ஆடியவர்கள் நாங்கள். வருஷத்துக்கு ஒரு மேட்ச், அதைச் சாக்கிட்டு ஒரு சந்திப்பு என்று இன்றுவரை விடவில்லை. இந்த முறை கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஃபுட்பால் மேட்ச், அதாவது ஒரே ஊரின் இரண்டு பரம எதிரி டீம்கள் மோதும் டெர்பி. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு இங்கே 1,31,000 பேருக்கு மேல் வந்தார்களாம். கூட்டத்தை நினைத்தால்தான் பயம். எங்கள் கோல்கீப்பருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். (வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.) அதிகம் படி ஏறாமல் உட்கார எந்த கேட், எந்த ஸ்டாண்ட் நல்லது? எங்களில் இரண்டு பக்க ரசிகர்களும் உண்டு, ஒன்றாக உட்கார விடுவார்களா? மேட்ச் முடிந்ததும் மெட்ரோவில் ஏற முடியுமா, கொஞ்சம் நடந்து டாக்சி பிடிப்பது மேலா? அப்புறம், பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். இரண்டும் கிடைக்கும் கடை ஒன்று சொல்லுங்கள்.