எஃப்எஸ்கிரிப்ட்: கெர்னலில் எந்தக் கிரிப்டோ தேர்வுகளை நீக்கலாம்?

கேள்வி

ராஸ்பெரி பை 4, பை 5 இரண்டுக்கும் ஒரே 64 பிட் 6.6 லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு). ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் சில கோப்புறைகளுக்கு மட்டும் எஃப்எஸ்கிரிப்ட் (கெர்னலே கோப்புகளைக் குறியாக்கும் வசதி) குறியாக்கம்: பாலிசி (கோப்புறையின் குறியாக்க விதி) பதிப்பு 2, உள்ளடக்கத்துக்கு ஏஇஎஸ்-256-எக்ஸ்டிஎஸ், பெயர்களுக்கு ஏஇஎஸ்-256-சிடிஎஸ் (எக்ஸ்டிஎஸ், சிடிஎஸ் இரண்டும் ஏஇஎஸ் குறியாக்கத்தைப் பயன்படுத்தும் முறைகள்). இடம் மிச்சமாகட்டும் என்று பொது எக்ஸ்டிஎஸ்ஸையும் (எந்தச் சிப்பிலும் ஓடும் நிரல்) நியான் ஏஇஎஸ்ஸையும் (ஆர்ம் சிப்பின் நியான் கட்டளைகளில் ஓடும் நிரல்) எடுத்துவிட்டு, கிரிப்டோ எக்ஸ்டென்ஷன் நிரலை (சிப்பின் ஏஇஎஸ் கட்டளைகளில் ஓடுவது) மட்டும் வைத்தோம். பை 5இல் எல்லாம் சரி. பை 4இல் பூட் ஆகிறது, மவுன்ட் ஆகிறது, சாவியும் ஏறுகிறது. துணைக் கோப்புறைகூட உருவாகிறது. கோப்பு உருவாக்கினால் மட்டும் "பேக்கேஜ் நாட் இன்ஸ்டால்டு". அடியான்டம், ஹெச்சிடிஆர்2, எஸ்ஸிவ், ஈசிபி என்ற மற்ற குறியாக்கத் தேர்வுகளில் எதை நீக்கலாம்?

பதில் 1

அது பிழை எண் 65. கேட்ட அல்காரிதம் கெர்னலில் இல்லை என்று பொருள். கோப்புறைக்குப் பெயர் குறியாக்கம் போதும், அதனால் சிடிஎஸ் இருந்தாலே உருவாகிவிடும். கோப்புக்கு எக்ஸ்டிஎஸ் வேண்டும். டிமெசேஜைப் (கெர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள், "மிஸ்ஸிங் கிரிப்டோ ஏபிஐ சப்போர்ட்" என்ற வரியில் எது இல்லை என்று பெயரோடு இருக்கும்.

காரணம் பை 4இன் சிப். அதில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ72தான், ஆனால் ஏஇஎஸ் கட்டளைகள் இல்லை. எனவே எக்ஸ்டென்ஷன் மாட்யூல் அங்கே ஏறவே ஏறாது. எஃப்எஸ்கிரிப்ட் அல்காரிதத்தைப் பெயர் சொல்லி ஓடும்போதுதான் தேடுகிறது. அதனால் கெர்னலைக் கட்டும்போது இந்தக் குறை தெரியாது. நியான் ஏஇஎஸ்ஸையும் பொது எக்ஸ்டிஎஸ்ஸையும் திரும்பச் சேருங்கள்.

பதில் 2

நீக்கக்கூடியவை: ஹெச்சிடிஆர்2, அதோடு வரும் துணை அல்காரிதங்களான எக்ஸ்சிடிஆர், பாலிவால். அடியான்டத்தையும் நீக்கலாம், ஆனால் பழைய கோப்புறை ஏதாவது அதில் இருக்கிறதா என்று "எஃப்எஸ்கிரிப்ட் ஸ்டேட்டஸ்" கொடுத்து முதலில் பார்த்துவிடுங்கள். இருக்கும் கோப்புறையின் பாலிசியை மாற்ற முடியாது. புதிய கோப்புறைக்குக் கோப்புகளை நகலெடுப்பது ஒன்றே வழி. ஏஇஎஸ் கட்டளை இல்லாத பை 4இல் அடியான்டம்தான் வேகம் என்பதால், அதை நீக்கும் முன் யோசிப்பது நல்லது.

எஸ்ஸிவ் ஏஇஎஸ்-128-சிபிசிக்கு மட்டும் தேவை. டிஎம்-கிரிப்ட் (முழு வட்டைக் குறியாக்கும் வசதி) இயக்கியிருந்தால் அதுவே எஸ்ஸிவ்வை இழுத்துக்கொள்ளும், நீக்க முடியாது. ஈசிபி, பாலிசி பதிப்பு 1இன் சாவிக்கு மட்டும்தான் என்று நினைத்து நீக்காதீர்கள். பொது எக்ஸ்டிஎஸ் உள்ளுக்குள் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஹெச்மேக்கும் எஸ்ஹெச்ஏ-512ம் (ஹேஷ் அல்காரிதங்கள்) 6.6இல் கட்டாயம், பதிப்பு 2 சாவிகள் அவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

பதில் 1

பொது ஏஇஎஸ்ஸைப் பற்றி ஒன்று. அதன் அட்டவணைகள் 16 கேபி. அந்தச் சிறு இடத்துக்காக அதை நீக்கும் ஆபத்து வேண்டாம். எஃப்எஸ்கிரிப்டை இயக்கினால் இந்த அல்காரிதங்களும் கட்டாயம் சேரும் என்ற சார்புகளை 5.13 கெர்னலில் தளர்த்தினார்கள். இப்படிப் பாதியில் நிற்கும் கான்ஃபிக்குகள் (கெர்னல் அமைப்புகள்) வந்ததால் 2025இல் மீண்டும் கட்டாயமாக்கினார்கள். அல்காரிதம் சுயசோதனைகள் இயங்கும்படி விட்டிருந்தால் அதை அணையுங்கள், சோதனைத் தரவு கணிசமான இடம் பிடிக்கும்.

மாற்றிய கெர்னலை பை 4, பை 5 இரண்டிலும் தனித்தனியே சோதியுங்கள். புதிய கோப்புறை, கோப்பு, சிம்லிங்க் மூன்றையும் உருவாக்கி, மறுதொடக்கம் செய்து, சாவி ஏற்றிப் படித்துப் பாருங்கள். ப்ராக் கோப்புறையில் உள்ள கிரிப்டோ கோப்பில் எக்ஸ்டிஎஸ் பதிவின் "டிரைவர்" வரி, அங்கே எந்த நிரல் வேலை செய்கிறது என்று காட்டிவிடும்.