நமீப் மணல்மேடுகள் குய்செப் ஆற்றங்கரையோடு நின்றுவிடுவது ஏன்?

புவியியல் ஆசிரியை:
நமீபியாவின் நமீப் பாலைவனச் செயற்கைக்கோள் படத்தை மாணவர்களுக்குக் காட்டியபோது, தெற்கிலிருந்து அடுக்கடுக்காக வரும் மணல்மேடுகள் குய்செப் ஆற்றின் தென்கரையோடு நின்றுபோவதையும், வடகரையில் சரளைச் சமவெளி மட்டுமே விரிவதையும் அவர்கள் கவனித்துவிட்டார்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓர் ஆறு, சில இடங்களில் 300 மீட்டர் வரை உயரும் மணலை எவ்வாறு தடுக்கிறது? விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

ஆற்றுமணல்:
அம்மா, நல்ல மாணவர்கள் உங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வீசும் காற்று ஆற்றுப்படுகைக்குள் மணலைத் தொடர்ந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. காற்றில் நகரும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டித் தாவித் தாவிச் செல்வதால், பள்ளத்தில் விழுந்தபின் எதிர்க்கரை ஏறுவது கடினம். கரையோர மரங்களும் காற்றைத் தணிக்கின்றன. கிழக்கே மேட்டுநிலத்தில் கோடைமழை பெய்து வெள்ளம் வரும்போது, அதுவரை சேர்ந்த மணலை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இதற்குச் சான்று அதே படத்தில் இருக்கிறது. வெள்ளம் கடல்வரை சென்று சேர்வது அரிது என்பதால், கடற்கரையோரத்தில் மட்டும் மணல் ஆற்றைக் கடந்து, வால்விஸ் பே, ஸ்வாகோப்முண்ட் நகரங்களுக்கு இடையே மீண்டும் மேடுகளாக எழுந்திருக்கிறது. படத்தை மேற்கே நகர்த்திக் காட்டுங்கள்.

கடலோடி:
அந்த மணலில் பெரும்பகுதியைக் கொண்டுவந்ததே நீர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெசோத்தோ மலைகளில் பிறக்கும் ஆரஞ்சு ஆறு தன் வண்டலை அட்லாண்டிக்கில் சேர்க்க, அலைகளும் நீரோட்டமும் அதைக் கரையோரமாக வடக்கே தள்ள, கரையில் ஒதுங்கியதைக் காற்று உள்நாட்டுக்குள் ஏற்றுகிறது. 2013இல் யுனெஸ்கோ நமீப் மணற்கடலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தொலைவிலிருந்து ஆறும் கடலும் காற்றும் சுமந்துவந்த மணலால் அது உருவானது என்பதும் அதன் சிறப்புகளுள் ஒன்று.

மேட்டுநிலம்:
முதல் பதிலோடு ஒரு வரம்பையும் குறிப்பிட விரும்புகிறேன். ஆறு எல்லா இடத்திலும் வெல்வதில்லை. இதே பாலைவனத்தின் சௌச்சாப் ஆறு மணல்மேடுகளுக்குள் நுழைந்து, கடலை எட்டாமலேயே சோசஸ்வ்லேயின் களிமண் தரையில் முடிந்துவிடுகிறது. அருகிலுள்ள டெட்வ்லேயில் மணல் நீர்வழியை முற்றிலும் அடைத்துவிட, பல நூறு ஆண்டுகளுக்கு முன் மடிந்த முள்மரங்கள் வறட்சி மிகுதியால் மட்கிப்போகாமல் கறுத்து நிற்கின்றன. இரண்டு ஆறுகளையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வைத்தால், வெள்ளம் எவ்வளவு வலுவாக, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதே எல்லையை முடிவுசெய்கிறது என்று மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.