பழைய மோடமும் புது லேப்டாப்பும்: குடும்பக் குழுவில்

பெரியப்பா: 📷 படம்

பெரியப்பா: ஃபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரைப் பேச வைக்குமே, அந்தப் பழைய மோடத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். புது லேப்டாப்பில் இதைச் செருக இடமே இல்லையே?

மீனா: ஃபேக்ஸா! இன்னுமா கேட்கிறார்கள்? 😄

பெரியப்பா: கேட்கிறார்களே அம்மா. மெயில் வேண்டாமாம்.

கார்த்தி: அது 25 பின் சீரியல் போர்ட் பெரியப்பா, ஆர்எஸ்-232 என்ற பழைய இணைப்பு முறை. இப்போது வரும் லேப்டாப்பில் அது கிடையாது. யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். அதன் முனை 9 பின், அதனால் 9-க்கு 25 கேபிளும் வேண்டும்.

பெரியப்பா: கேபிள் இருக்கிறது. மேலே ‘நல் மோடம்’ (null modem) என்று ஒட்டியிருக்கிறது.

கார்த்தி: ஐயோ, அது வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கத்தான் அது. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் உள்ளே மாறியிருக்கும். மோடத்துக்கு நேர் கேபிள்தான்.

சித்தப்பா: அண்ணா, அடாப்டர் வாங்கும்போது சிப்பைக் கேளுங்கள். எஃப்டிடிஐ கம்பெனி சிப் என்றால் தொல்லை குறைவு. பழைய பிஎல்2303 சிப் சிலவற்றுக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் ஆதரவு இல்லை.

சித்தப்பா: இன்னொன்று, ரவுட்டரின் பவர் அடாப்டரை இதில் செருகிவிடாதீர்கள்! சில பழைய மோடம் ஏசி மின்சாரம் கேட்கும், ரவுட்டருடையது டிசி. அடியில் எழுதியிருக்கும், பாருங்கள்.

பெரியப்பா: பழைய அடாப்டர் கூடவே இருக்கிறது. மாட்டினேன், விளக்கு எரிகிறது 👍

கார்த்தி: சரி, அப்புறம் யூஎஸ்பியைச் செருகியதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் 3, காம் 4 என்று ஏதாவது ஒரு போர்ட் எண் வரும். புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறந்து ‘சீரியல்’, அந்த எண், வேகம் 115200 என்று கொடுங்கள். ஆங்கிலத்தில் ஏ, டி இரண்டு எழுத்தும் அடித்து என்டர். மோடம் ‘ஓகே’ என்றால் பேசுகிறது என்று அர்த்தம்.

பெரியப்பா: ஒன்றும் சொல்லாவிட்டால்?

கார்த்தி: வேகத்தை 9600 ஆக்குங்கள். ரொம்பப் பழையது 115200-ஐத் தாங்காது. அடித்த எழுத்துகூடத் திரையில் வராவிட்டால் கேபிளையோ காம் எண்ணையோ சந்தேகப்படுங்கள்.

மீனா: ‘ஓகே’ வந்தால் ஃபேக்ஸ் போய்விடுமா?

கார்த்தி: இல்லை அக்கா. கன்ட்ரோல் பேனலில் ‘ஃபோன் அண்டு மோடம்’ போய், பட்டியலிலிருந்து ஸ்டாண்டர்ட் மோடம் ஒன்றைக் கையால் சேர்க்க வேண்டும். பிறகுதான் விண்டோஸின் ‘ஃபேக்ஸ் அண்டு ஸ்கேன்’ மென்பொருளில் அனுப்ப முடியும். மோடமும் ஃபேக்ஸ் வகையாக இருக்க வேண்டும்.

பெரியப்பா: முகப்பில் ‘ஃபேக்ஸ்’ என்று போட்டிருக்கிறது.

சித்தப்பா: உங்கள் லேண்ட்லைன் ஃபைபர் பெட்டி வழியாகத்தானே வருகிறது?

பெரியப்பா: ஆமாம்.

சித்தப்பா: அப்படியானால் பாதியில் அறுந்துபோகலாம். அந்த லைனில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது, ஒன்று தவறினாலும் மோடத்துக்குக் குழப்பம். ஃபேக்ஸ் வேகத்தை 9600-க்குக் குறைத்து ஒரு பக்கம் மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

பெரியப்பா: கார்த்தி, அடாப்டர் வந்ததும் வீடியோ கால் போடுகிறேன். புட்டி எங்கே கிடைக்கும் என்று அப்போது சொல்லு.