மறு: ஹோமோகிளிஃப் – ‘ஒத்துரு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறான குறிகளை ஹோமோகிளிஃப் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: போலி எழுத்து, இரட்டை எழுத்து, உருவொத்த எழுத்து. மூன்றையும் லிசு மொழியின் எழுத்தில் வைத்து உரசிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நமக்கு ஓரிரு இடங்களில் வரும் சிக்கல் அங்கே எழுத்துமுறை முழுவதையும் பற்றி நிற்கிறது.

லிசு திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி. சீனாவின் யுன்னானில் நூஜியாங் பள்ளத்தாக்கில் அதைப் பேசுவோர் அடர்ந்து வாழ்கிறார்கள். சீனாவில் மட்டும் லிசு இனத்தவர் 7 லட்சத்துக்கு மேல். மியான்மரின் கச்சின், ஷான் மாநிலங்களிலும் வட தாய்லாந்து மலையூர்களிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் அருணாசலப் பிரதேசத்து விஜயநகர் பக்கம் இருப்பவர்களை யோபின் என்றும் அழைப்பார்கள்.

இவர்களின் எழுத்தை 1915 வாக்கில் சாரா பா தா என்ற கரேன் இன நற்செய்தியாளர் உருவாக்கினார், ஜேம்ஸ் பிரேசர் என்ற ஆங்கிலேய மிஷனரி திருத்தி வளர்த்தார். பெயர் என்னவோ பிரேசருக்கே போய்விட்டது. ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ளபடி ‘லிசு எழுத்து’ என்றே நாம் எழுதுவது நியாயம். 1992-இல் சீன அரசும் இதை ஏற்றுக்கொண்டது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான் இதன் அடிப்படை. போதாத ஒலிகளுக்கு அவற்றையே புரட்டிப் போட்டுக்கொண்டார்கள். ‘டி’ (T) நேராக நின்றால் சாதாரண ஒலி, தலைகீழாக நின்றால் மூச்சு கலந்த ஒலி. ‘பி’ (P), ‘கே’ (K) இரண்டுக்கும் அதே வழி. உயிர்க்குறி எதுவும் எழுதாவிட்டால் நம் க, ச போல அகரம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறு தொனிகளையும் (குரல் ஏற்ற இறக்கங்களையும்) முற்றுப்புள்ளி, காற்புள்ளி போன்ற குறிகளால் காட்டுகிறார்கள்.

2009-இல் ஒருங்குறி 5.2 பதிப்பில் 40 எழுத்து, 6 தொனிக்குறி, 2 நிறுத்தக்குறி என 48 குறியிடங்கள் (ஒவ்வொரு குறிக்கும் கணினியில் உரிய எண்) லிசுவுக்குத் தனியாகக் கிடைத்தன. ஆங்கில எழுத்தின் குறியிடத்தையே கொடுத்திருந்தால், சிறிய எழுத்தாக மாற்றும் எந்த மென்பொருளும் லிசுவைச் சிதைத்துவிடும். லிசுவில் பெரியது சிறியது கிடையாது. தொனிக்குறியை வெறும் முற்றுப்புள்ளியாக வைத்தால் சொல் நடுவிலேயே உடையும். தனி இடம் கொடுத்தது சரியான முடிவு. ஆனால் அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாகிவிட்டது. ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டியதை இன்னொருவர் லிசு எழுத்தில் தேடினால் அகப்படாது.

இனி நம் சொற்கள். ‘போலி’ வேண்டவே வேண்டாம். நிலம்–நிலன் என்று வரும் இலக்கணப் போலியில் எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஹோமோகிளிஃபில் உரு மாறாமல் மதிப்பு மாறுகிறது, நேர் எதிர். அதோடு லிசுக்காரரின் எழுத்தைப் போலி என்பது அநியாயம்; அது எதையும் நடிக்கவில்லை.

‘இரட்டை’யும் நிற்காது. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தான ‘பி’யைப் (B) பாருங்கள்: அதே உரு கிரேக்கத்தில் ஒன்று, ரஷ்ய மொழி எழுதும் சிரில்லிக்கில் ஒன்று, லிசுவில் ஒன்று. ஆங்கிலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு.

‘உருவொத்த எழுத்து’ கருத்தளவில் சரி. ஆனால் லிசுவின் தொனிக்குறி எழுத்தா? முற்றுப்புள்ளி எழுத்தா? இரண்டும் இல்லை, ஆனாலும் ஒத்திருக்கின்றன. நம் க என்ற எழுத்தும் ௧ என்ற எண்ணும் அப்படித்தான். ஆகவே ‘எழுத்தை’ விட்டுவிட்டு ‘உரு’வை மட்டும் வைத்துக்கொள்வோம்: ஒத்துரு. ஒத்துருக்கள், ஒத்துருச் சோதனை, ஒத்துருக் குழப்பம் என்று எளிதாக நீள்கிறது. ‘கௌரவம்’ என்பதை எ-குறியும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று தட்டுவதை ஒத்துருப் பிழை என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒன்று. முழுக்க ஒத்திராமல் கிட்டத்தட்ட ஒத்திருப்பவை உண்டு. ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் அப்படி. இவற்றையும் ஒத்துருவில் அடக்கினால் சொல் தளர்ந்துபோகும். ‘மயங்குரு’ என்று பிரித்து வைக்கலாம் என்று தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமானது யாரிடமாவது இருந்தால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் எழுதுங்கள்.