தடுப்பு முள் இருந்ததா, இல்லையா?

ஈயக்குண்டு:
நேற்று வேறொரு பேச்சில் பழையபட்டறை அண்ணன் ஒரு பொன்மொழி உதிர்த்தார்: "சர்வீஸில் கைவிரித்தார்கள் என்றால், சொந்தக்காரர் கைவைத்திருக்கிறார் என்று அர்த்தம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் .22 கைத்துப்பாக்கியில் சுட்ட தோட்டாக்கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது என்று நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெட்டியின் மேலேயே "வாழ்நாள் உத்தரவாதம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அழைத்தபோதும் ஒரு புதுப் புகார் எண். 11 வாரம் கழித்து அதே துப்பாக்கி, அதே கோளாறு, கூடவே ஒரு சீட்டு: "தோட்டா அறையின் விளிம்பில் சுடும் ஊசி பட்ட வடு. பயன்படுத்தியவரின் தவறு." தோட்டா இல்லாமல் சொடுக்கிப் பழகலாம் என்று அவர்கள் கையேடே சொல்கிறது. நான் எங்கே கைவைத்தேன்?

பழையபட்டறை:
தம்பி, கையேட்டில் உங்களுக்குப் பிடித்த வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வரியையும் படியுங்கள். "தடுப்பு முள் பொருத்தப்பட்டிருந்தால்" என்று இருக்கும். உங்கள் .22 ரிம்ஃபயர் வகைத் தோட்டா. அதில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லை, விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் ஊசி விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாதபோது நேரே அறையின் வாயில் போய் மோதும். இரும்பு நசுங்கி உள்பக்கம் பிதுங்கும். பிறகு கூடு எப்படி வெளியே வரும்? ஊசி அவ்வளவு தூரம் போகாமல் பிடித்து நிறுத்துவதுதான் அந்தச் சிறு முள். துப்பாக்கியைத் துடைக்கப் பிரித்துவிட்டு, முள்ளை மேசையிலேயே மறந்துவிட்டு மாட்டியவர்கள் எத்தனை பேர் என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள் தெரியுமா?

ஈயக்குண்டு:
முள் இருந்தது.

பழையபட்டறை:
இருந்திருந்தால் வடு வந்திருக்காது.

நடுக்கமில்லாதவன்:
முள் இருந்தாலும் வரும் ஐயா. ஆயிரக்கணக்கில் சொடுக்கினால் முள் தேயும், ஊசியில் முள் நுழையும் பள்ளமும் நீளும். மயிரிழை நீண்டால் போதும், ஊசி அறையின் வாயைத் தொட்டுவிடும். 'சொடுக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தவர்கள்தானே அதற்கும் பொறுப்பு?

பழையபட்டறை:
தேய்மானம் உத்தரவாதத்தில் வராது. ஸ்பிரிங்குக்கும் அதே கதைதான். அது போகட்டும், அவர் முள் தேய்ந்தது என்று சொல்லவில்லை. இருந்தது என்றார். நான் கேட்பதும் அதைத்தான்.

இரண்டாம்கை:
ஒரு சந்தேகம். வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? முதலில் வாங்கியவருடையதா, துப்பாக்கியுடையதா, அந்த மாடல் விற்பனையில் இருக்கும் காலமா? பல நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் தருகின்றன. இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால்...

பழையபட்டறை:
அது கிடக்கட்டும். முள் இருந்ததா?

ஈயக்குண்டு:
இருந்தது என்று மூன்றாவது முறை எழுதுகிறேன்.

நடுக்கமில்லாதவன்:
இரண்டாவது முறைதான். ஆனாலும் உங்கள் பக்கம்தான் இருக்கிறேன்.

மஞ்சள்செருகி:
இவ்வளவு வம்பு எதற்கு? சுவரில் திருகு இறுக்குவதற்கு முன் துளைக்குள் வைக்கிறோமே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் செருகி .22 அறைக்குள் அளவெடுத்தாற்போல் உட்காரும். அதை வைத்துச் சொடுக்கினால் ஊசி பிளாஸ்டிக்கில் படும். பல வருடமாக இப்படித்தான் பழகுகிறேன், ஒரு வடுவும் இல்லை.

பழையபட்டறை:
1887-இல் வந்த தோட்டா. இத்தனை வருடம் உலகமே காத்திருந்தது, இவர் வந்து சுவர்ச் செருகி வைக்கட்டும் என்று. பெயரையே அதற்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

மஞ்சள்செருகி:
கேலி செய்யுங்கள். போன வருடம் உங்கள் பேச்சைக் கேட்டுத் தொலைநோக்கியின் திருகை இறுக்கி, தலை அறுந்து நின்றவன் நான். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையபட்டறை:
அளவு பார்த்து இறுக்கச் சொன்னேன். ஆத்திரத்தோடு இறுக்கச் சொல்லவில்லை.

நடுக்கமில்லாதவன்:
திருகை விடுங்கள். பிதுங்கிய விளிம்பைச் சரிசெய்ய ஒரு நீவும் கருவி உண்டு. நுனி கூம்பிய சிறு இரும்புத் தண்டு. அறைக்குள் செலுத்தினால் பிதுங்கிய இரும்பைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். கைபழகியவருக்குப் பத்து நிமிட வேலை. 11 வாரம் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா? சீட்டு எழுத நேரம் இருந்திருக்கிறதே!

ஈயக்குண்டு:
அதுதான் என் கேள்வியும்! பணம் கொடுத்தால் செய்கிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

பழையபட்டறை:
கேட்டீர்களா?

ஈயக்குண்டு:
உத்தரவாதம் இருக்கும்போது ஏன் கேட்க வேண்டும்?

பழையபட்டறை:
சரியாய்ப் போயிற்று. நான் ஒரு காலத்தில் இப்படித் திரும்பி வரும் துப்பாக்கிகளைப் பார்த்தே வயிறு வளர்த்தவன். அனுப்புகிறவர் கடிதம் நான்கு பக்கம் இருக்கும். மூன்றரைப் பக்கம் கோபம். எந்தத் தோட்டாவில் மாட்டுகிறது, எத்தனை சுட்ட பிறகு மாட்டுகிறது, சூடேறிய பிறகா முன்பா என்ற மூன்று வரி மட்டும் இருக்காது. மாட்டிய கூட்டில் இரண்டைக் கூடவே வைத்து அனுப்பினால், அதில் இருக்கும் கீறலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வைத்தீர்களா?

ஈயக்குண்டு:
கூடு வைக்கவில்லை. ஆனால் முள் இருந்தது.

இரண்டாம்கை:
யாருடைய வாழ்நாள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஈயக்குண்டு:
பேசிப் பயனில்லை. இதோ படம் போட்டிருக்கிறேன். முள் தெரிகிறதா இல்லையா, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுக்கமில்லாதவன்:
நன்றாகத் தெரிகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள் ஐயா?

பழையபட்டறை:
தெரிகிறது. நன்றாகப் பளபளக்கிறது. 11 வாரத்துக்கு முன்னால் எடுத்த படம் எங்கே?

ஈயக்குண்டு:
அனுப்பும் முன் படம் எடுக்கவில்லை. துப்பாக்கியைத் துடைத்துத்தான் அனுப்பினேன், அதனால்தான் பளபளக்கிறது.

பழையபட்டறை:
துடைத்தீர்கள். அப்படியானால் பிரித்தீர்கள்.